எங்கள் தோல்வியை மீட்ட வரலாறு

நடுபைல் பெரிய வீடு நானூறு வருடமாகக் கம்பளம் என்னும் எங்கள் துளு நாட்டுச் சேற்றுப் பந்தயத்தில் எருமை ஓட்டிவருகிறது. இந்த நானூறு வருடத்தில் எங்கள் வீட்டார் எழுத்தில் ஒப்புக்கொண்ட தோல்வி ஒன்றே ஒன்று. அதை எழுதியவன் நான். அதைத்தான் திருடிவிட்டார்கள்.

தோல்வி நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் ஊர்க் கம்பளத்தின் கடைசி ஓட்டம். சேற்றில் எங்கள் எருமைகள் மோடெயும் பாண்டுவும் ஒரு பக்கம்; மஜலோடி வீட்டு ஜோடி மறுபக்கம். நடுவர்கள் எங்களுக்குத்தான் வெற்றி என்றார்கள். பதக்கம் என் கழுத்தில் விழுந்தது. அப்போது மஜலோடி எருமைகளை ஓட்டிவந்த தூம பூஜாரி, உடம்பெல்லாம் சேறு வழிய என் முன்னால் வந்து, "எஜமானே, எங்க ஜோடி மூக்குதான் முதல்ல வந்துச்சு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். என் கையில் ஒலிபெருக்கி இருந்தது. பத்தாயிரம் பேர் கேட்க அவனைக் கள்ளன் என்றேன்.

மறுநாள் என் அக்காள் மகள் வினுதா ஓட்டத்தின் படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். மஜலோடி எருமையின் மூக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பித்தளைத் தட்டில் பதக்கத்தை வைத்து மஜலோடிக்கு அனுப்பினேன். ஒருவனைப் பத்தாயிரம் பேர் முன்னால் கள்ளன் என்று சொல்லிவிட்டு, அவன் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. எல்லோரும் பார்க்கும் இடம் எது என்று வினுதாவைக் கேட்டேன். 'நெனபு' என்றாள். கன்னடத்தில் நினைவு என்று பொருள். கைபேசி வைத்திருக்கும் ஊரார் அத்தனை பேரும் அதில்தான் குடியிருந்தார்கள். பெயர் நம்பிக்கையாக இருந்தது. அன்றைய படத்தையும் வைத்து இப்படி எழுதினேன்:

"நடுபைல் கம்பளத்தில் ஜெயித்தது மஜலோடி எருமைகள். எங்கள் எருமைகள் தோற்றன. தூம பூஜாரி உண்மை சொன்னார். அவரைக் கள்ளன் என்றது என் தவறு. மன்னிப்புக் கேட்கிறேன். ஜாரப்ப ஷெட்டி."

அதற்குப் பிறகு நெனபில் நான் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியது வேறு எதுவும் இருக்கவில்லை.

போன தீபாவளி கழிந்த நாலாம் நாள் மஜலோடி வீட்டு எஜமானர் ஐத்தப்ப ஷெட்டி தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்காது.

"ஜாரண்ணா, வாழ்த்துகள்."

"எதுக்கு?"

"செத்து எட்டு வருஷம் ஆன உங்க எருமை நேத்து ஜெயிச்சிடுச்சாமே! நல்லாப் பழக்கியிருக்கீங்க."

வினுதா நெனபைத் திறந்தாள். என் பெயரில், என் பதிவு இருந்த அதே இடத்தில், அதே தேதியிட்டு இப்படி இருந்தது: "என்ன ஓர் இனிய நாள்! எங்கள் எருமைகள் வென்றன! இரண்டாவதாக வந்த மஜலோடி நண்பர்களுக்கும் பாராட்டு. தவறு செய்த தூம பூஜாரியை மனதார மன்னிக்கிறேன்."

படத்தையும் விடவில்லை. மஜலோடி எருமையின் மூக்கை இரண்டு முழம் பின்னால் தள்ளியிருந்தார்கள். எனக்குத் தலையில் கருப்பு மயிர். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. நான் சிரித்த படம் என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது. என் கல்யாணப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் அதைத் துக்க வீடு என்று நினைத்திருக்கிறார்கள்.

கீழே சிறிய எழுத்தில், "நெனபு உங்கள் பழைய நினைவுகளுக்கு மெருகு போட்டிருக்கிறது. கட்டணம் இல்லை" என்று இருந்தது. நாற்பதாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் முன்பு என் மன்னிப்புக்குப் போட்டவர்கள் ஆறு பேர்.

இதில் அடிபட்டது என் பெயர் மட்டுமல்ல. இந்தப் பருவத்தில் எங்கள் கம்பளத்தின் முடிவுக்கோட்டில் நின்று எந்த ஜோடி முதலில் வந்தது என்று சொல்லும் பொறுப்பைத் தூமனுக்குக் கொடுப்பதாகக் குழு முடிவு செய்திருந்தது. ஐம்பது வயதுவரை சேற்றில் ஓடியவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. இப்போது குழு திரும்பக் கூடியது. "தவறு செஞ்சவன்னு பெரிய வீட்டு எஜமானரே எழுதியிருக்காரே, அவனைக் கோட்டுல நிறுத்தலாமா?" என்று கேள்வி வந்ததாம்.

நான் தூமன் வீட்டுக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான்.

"அதை நான் எழுதலை தூமா."

"தெரியும் எஜமானே. ஊருக்குத் தெரியணுமே." வலையைச் சுருட்டி ஓரமாக வைத்தான். "பன்னெண்டு வருஷம் யோக்கியனா இருந்தேன். அது போதும்னு வச்சுக்கிறேன்."

ஐத்தப்பர் அப்படி வைத்துக்கொள்வதாக இல்லை. மறுநாளே சொல்லி அனுப்பினார்: "பதினெட்டு நாள்ல உங்க வீட்டு நேமம். அதுக்குள்ள சரியாகலேன்னா தெய்வத்துக்கு முன்னால கேட்பேன்." நேமம் என்பது எங்கள் முற்றத்தில் வருடம் ஒருமுறை ஒருவர்மேல் தெய்வம் இறங்கும் நாள். அன்று யார்மேல் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். எனக்கு முன்னால் எஜமானராக இருந்த என் தாய்மாமன் காலத்திலும் அவருக்கு முன்னால் அவருடைய தாய்மாமன் காலத்திலும் பெரிய வீட்டின்மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

எனவே பதினெட்டு நாட்களில் என் தோல்வியை மீட்டாக வேண்டும்.

முதலில் எளிய வழியைப் பார்த்தோம். வினுதா பழைய வாசகத்தைத் திரும்ப எழுதினாள். நெனபு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டது. மறுநாள் காலையில் 'எங்கள் எருமைகள் தோற்றன' என்பது 'எங்கள் எருமைகள் மனங்களை வென்றன' என்று ஆகியிருந்தது. மீண்டும் திருத்தினோம். மறுநாள் படத்தில் பூமாரி பொழிந்தது. மூன்றாம் முறை திருத்தினோம். எருமைகளும் சிரித்தன.

"அழிச்சிடு" என்றேன்.

அழிக்கப் போனபோது ஒரு அறிவிப்பு வந்தது: "இந்த மகிழ்ச்சியை நீக்க விரும்புகிறீர்கள். நீங்கள் சோர்வாக இருப்பதாகத் தெரிகிறது. தண்ணீர் குடியுங்கள். முப்பது நாள் கழித்துக் கேளுங்கள்."

முறையாகப் புகார் செய்வது என்று முடிவானது. அதற்கு நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டும். கைபேசியை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். "இவர் ஜாரப்ப ஷெட்டி அல்ல" என்றது. விளக்கைப் போட்டோம். கண்ணாடியைக் கழற்றினேன். "இவர் ஜாரப்ப ஷெட்டி அல்ல. ஜாரப்ப ஷெட்டி மகிழ்ச்சியானவர்."

"மாமா, அவங்ககிட்ட இருக்கறது அந்தச் சிரிச்ச படம். கொஞ்சம் சிரிங்க."

"நான் நான்தான்னு சொல்ல நான் எதுக்குச் சிரிக்கணும்?"

"தூமனுக்காகச் சிரிங்க."

முயன்றேன். என் முகத்தில் அதற்கான பாதை போடப்படவில்லை. வாயின் வலது ஓரம் மட்டும் சற்றே நகர்ந்தது. "மருத்துவ உதவி தேவையா?" என்று கேட்டது நெனபு. அதைப் பார்த்து வினுதா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கைபேசி அவள் பக்கம் சாய்ந்தது. உடனே பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம் ஜாரப்ப ஷெட்டி!"

அன்றிலிருந்து நெனபின் கணக்கில் நான் என் மருமகள்.

அவள் என் பெயரில் புகாரை அனுப்பினாள். ஆறு நாள் பதில் இல்லை. ஏழாம் நாள் நான் வேட்டியை மாற்றிக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினேன்.

நெனபின் அலுவலகம் பதினோராம் மாடியில் இருக்கிறது. அங்கே நாற்காலி கிடையாது. அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோலத் தரையில் சில மெத்தைப் பொதிகள் கிடந்தன. அவற்றில் ஆட்கள் பாதி புதைந்திருந்தார்கள். எனக்கும் ஒன்றைக் காட்டினார்கள். என் முதுகு அதற்கு உடன்படவில்லை. இரண்டு மணி நேரம் நின்றேன்.

கடைசியில் கடந்தகால நலப் பிரிவின் தலைவர் வந்தார். பெயர் ப்ரணீத் குல்கர்ணி. முப்பத்தைந்து வயது இருக்கும். அரைக் கால்சட்டை; காலில் செருப்பில்லை. ஏழையோ என்று நினைத்தேன். பிரிவே அவருடையது என்றார்கள்.

"சொல்லுங்க சார், உங்க கடந்தகாலம் எப்படியிருக்கு?"

"அதை நீங்க மாத்திட்டீங்க."

"மாத்தலை சார். பராமரிக்கிறோம்." உற்சாகமாக ஒரு பொதியில் விழுந்தார். "ஜனங்க பழசை எழுதிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடறாங்க சார். திரும்பிப் பார்க்கறதே இல்லை. நாங்க தினம் பார்க்கிறோம். உங்க நினைவை உங்களைவிட நாங்கதான் அதிகம் நினைக்கிறோம்."

"அது என்னோட சொல்."

"நிச்சயமா! உங்க சொல் உங்களுக்குத்தான் சொந்தம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு. அதோட அர்த்தத்தை மட்டும்தான் நாங்க பார்த்துக்கறோம்."

"நான் தோத்தேன்னு எழுதினேன். நீங்க ஜெயிச்சேன்னு போட்டிருக்கீங்க."

"இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. "சார், நாங்க ஆராய்ச்சி பண்ணியிருக்கோம். நூத்துக்குத் தொண்ணூத்தினாலு பேருக்கு ஜெயிக்கறது பிடிச்சிருக்கு. மீதி ஆறு பேருக்குக் கேள்வி புரியலை."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான். அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க ஒரு எருமைப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தீங்க. அப்ப 'சம்மதம்'னு ஒண்ணைத் தொட்டீங்க. நாற்பத்தோராம் பக்கத்துல எல்லாம் இருக்கு."

"பழைய வாசகத்தைத் திருப்பிப் போடுங்க."

"பழசு இல்லையே சார். மெருகு போட்டதும் அதை எடுத்துடுவோம். மக்கள் ஒப்பிட்டுப் பார்த்தா குழம்பிடுவாங்க."

தோற்றதாகத் திருத்த வேறு வழியே இல்லையா என்றேன். உண்டு என்றார். 'தோல்வி விண்ணப்பம்' என்று ஒன்று இருக்கிறதாம். ஆனால் அதற்கு வென்றவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும்.

"ஐத்தப்பர் இப்பவே தருவார்."

"அவர் தோத்தவர் சார். எங்க கணக்குப்படி ஜெயிச்சது நீங்க. உங்க வெற்றியை எடுக்க உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு நீங்க எழுதித்தரணும்."

"தர்றேன். காகிதம் குடுங்க."

"ஆனா நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்கணும். அதுக்குக் கொஞ்சம் சிரிக்கணும்."

நான் சிரிக்கவில்லை. புகாரை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். பலகை போன்ற ஒன்றைக் கொடுத்தார். அதில் விரலால் பதினேழு வரி எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடுமையாக நான் எழுதியதில்லை. 'நாணயமற்றவர்கள்' என்ற சொல்லை இருமுறை போட்டிருந்தேன். அலுவலகத்தின் மறுகோடியில் இருந்த இயந்திரம் அதன் நகலைத் துப்பியது. வாங்கிப் படித்தேன்.

"அன்புள்ள நெனபு குடும்பத்துக்கு, என் வாழ்க்கையை இனிமையாக்கியதற்கு நன்றி. உங்கள் நாணயம் என்னை நெகிழவைத்தது. மீண்டும் சொல்கிறேன், உங்கள் நாணயம்."

குல்கர்ணி என் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "இதுக்குத்தான் சார் நாங்க உழைக்கிறோம்" என்றார்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஆயிரக்கணக்கான நன்றிக் கடிதங்களிலிருந்து என்னுடையது தேர்வாகியிருந்தது. இந்த ஆண்டின் மகிழ்ச்சியான பயனர் நான். பொன்னாடை போர்த்த குல்கர்ணியே நேரில் வருகிறார். எங்கள் வீட்டில் ஏதோ விழா நடப்பதாகக் கேள்விப்பட்டு அந்த நாளையே குறித்திருக்கிறார்கள்.

"வரவேண்டாம்னு எழுதட்டுமா?" என்றாள் வினுதா.

"எழுது. அது 'வாங்க, வாங்க'ன்னு போய்ச் சேரும்."

நேமத்தன்று காலையிலேயே முற்றம் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டு நேமம் பகலில் நடப்பது. குல்கர்ணி இரண்டு படமெடுப்பவர்களோடு வந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் அவருக்கு ஒரு வேட்டி கொடுத்துக் கட்டச் செய்தார்கள். கோழிக் குழம்பில் ஊறிய கோரி ரொட்டியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பையில் பொன்னாடை தயாராக இருந்தது.

மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. தெய்வம் ஏறியவர், முகத்தில் மஞ்சள் பூச்சும் இடுப்பில் தென்னங்குருத்து ஆடையுமாக முற்றத்தின் நடுவில் நின்று, "யாருக்குக் குறை?" என்று கேட்டார்.

ஐத்தப்பர் முன்னால் வந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார். "பெரிய வீட்டுச் சொல் மாறிடுச்சு. எங்க வெற்றியைக் குடுத்துட்டுத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. எங்க ஓட்டக்காரனை யோக்கியன்னாங்க. இப்ப மறுபடியும் கள்ளன் ஆக்கிட்டாங்க."

தூமன் கடைசி வரிசையில் தூணோடு தூணாக நின்றிருந்தான்.

தெய்வம் என் பக்கம் திரும்பியது. "சொல் உன் பேர்ல இருக்கா?"

"இருக்கு."

"நீ மாத்தினியா?"

"இல்லை."

"பின்னே யாரு?"

குல்கர்ணியைக் காட்டினேன். அவர் தன் முறை வந்துவிட்டதாக நினைத்துப் பொன்னாடையோடு முன்னால் வந்தார். வினுதா அவர் காதில் நிலைமையை விளக்கினாள். பொன்னாடையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீ மாத்தினியா?" என்றது தெய்வம்.

"நான் இல்லைங்க. சிஸ்டம் பண்ணுச்சு."

"அது யாரு? எந்த வீட்டுப் பிள்ளை?"

"பிள்ளை இல்லைங்க... அதுக்கு வீடெல்லாம் கிடையாது."

"தாய்வழி என்ன?"

எங்கள் பக்கம் யாரையும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். குல்கர்ணிக்கு வியர்த்தது. "அது பெங்களூருல இருக்குங்க. கொஞ்சம் சிங்கப்பூர்லயும் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஒரே நேரத்துல எல்லா இடத்துலயும் இருக்கும்."

"நானும் அப்படித்தான்" என்றது தெய்வம். "ஆனா கூப்பிட்டா வர்றேன். கேட்டா பதில் சொல்றேன். அது வருமா?"

குல்கர்ணி வாயைத் திறந்தார். ஏழெட்டு வாக்கியங்கள் அவர் முகத்தில் வந்து வந்து போயின. கடைசியில், "வராதுங்க" என்றார். நான் பார்த்தவரை அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அப்ப அதுகிட்ட எனக்குப் பேச்சில்லை" என்றது தெய்வம். என்னைப் பார்த்தது. "காகிதமும் கண்ணாடியும் மாறும். வாய் உன்னோடது. எங்கே கள்ளன்னு சொன்னியோ அங்கேயே நின்னு சொல்லு. அந்த சிஸ்டம் வந்து பதில் சொல்ற வரைக்கும் வருஷா வருஷம் சொல்லு." பிறகு ஐத்தப்பரைப் பார்த்து, "போதுமா?" என்றது. போதும் என்று ஐத்தப்பர் தலைகுனிந்தார்.

ஊரில் புகார் அதோடு தீரவில்லை. வேறு பதினொரு பேர் தங்கள் பதிவுகளும் மாறிவிட்டதாகக் குல்கர்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். மீன்காரி கமலக்கா, இறந்துபோன தன் புருஷனுக்கு எழுதிய இரங்கலின் படத்தில் இப்போது அவர் கையசைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "பிடிச்சிருக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டார் குல்கர்ணி. அதற்குப் பிறகு நடந்ததைத் துளுவில்தான் சொல்ல முடியும். மூன்றாவது பந்திக்கு அவர் நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கம்பளம். எருமைகளைச் சேற்றில் இறக்குவதற்கு முன்னால் நான் ஒலிபெருக்கியை வாங்கினேன். அன்று நின்ற அதே மேட்டில் நின்றேன். "பன்னெண்டு வருஷம் முன்னாடி இங்கே ஜெயிச்சது மஜலோடி ஜோடி. ஒரு சாண் முன்னால. எங்க எருமைங்க தோத்துச்சு. தூம பூஜாரி உண்மை சொன்னார். நான் அவரைக் கள்ளன்னேன். தூமா, என்னை மன்னிச்சிரு."

தெய்வத்தின் தீர்ப்பைக் கேட்ட குழு, தூமனையே முடிவுக்கோட்டில் நிறுத்தியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக் கொடியோடு நின்றிருந்த அவன், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை கூப்பினான். குழுவில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பேசியவர் ஐத்தப்பர். என் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பறித்தார். "நடுபைலுக்கு மட்டும்தான் தோக்கத் தெரியுமா?" என்று கேட்டு, மஜலோடி வீட்டின் மூன்று தோல்விகளை வருடத்தோடு சொன்னார். கூட்டம் கைதட்டியது. அதைக் கேட்ட மற்ற வீட்டார் சும்மா இருப்பார்களா? கார்க்களப் பக்கத்து ஹெக்டே ஒருவர் ஏழு சொன்னார். அதில் இரண்டு இட்டுக்கட்டியவை என்று ஒரு சண்டை வந்தது. தூமனே ஒத்துக்கொண்டபடி, அன்று முதல் ஓட்டம் இரண்டு மணி நேரம் தாமதம்.

நெனபில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அறுபதாயிரம் இதயம் தாண்டிவிட்டதாக வினுதா சொல்கிறாள். சிஸ்டம் இன்னும் வரவில்லை. இப்போது எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பளமானாலும் வீட்டுத் தோல்விகளைப் படித்த பிறகுதான் எருமை இறங்குகிறது. இருபத்தேழு வீடுகள் படிக்கின்றன. போன மாதம் யார் முதலில் படிப்பது என்ற பேச்சு எழுந்தபோது, அகரவரிசைப்படி போகலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான், யோசனை சொன்னவர் உட்கார்ந்துவிட்டார். முதலில் படிக்கப்படுவது நடுபைல் பெரிய வீட்டின் தோல்வி. அந்த இடத்தை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.